போலந்துப் பாலிசியின் ஆறாவது கேள்வி

என் நண்பனுக்குப் பயணக் காப்பீடு எடுத்துக் கொடுக்க எனக்கு ஆன நேரம் நான்கு நிமிடம். அதில் எனக்குப் பெருமைதான். எந்த ஆப்பாக இருந்தாலும் முதலில் திறந்து பார்த்து, மற்றவர்களுக்கும் செய்து கொடுக்கிற ஆள் நான். அவனோ தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரகடத்தில் எங்கள் ஃபேக்டரியில், இரும்புத் தகட்டை அடித்து வடிவாக்கும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன். ஆறு வாரப் பயிற்சிக்குப் போலந்து அனுப்பப் போகிறார்கள். விசாவுக்கு இன்ஷூரன்ஸ் காகிதம் கட்டாயம். அதை நீயே வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார்கள்.

ஷிஃப்ட் விட்டு, மதியம் மூன்று மணிக்கு டீக்கடையில் உட்கார்ந்தோம். அவன் பாஸ்போர்ட்டை நீட்டினான், நான் போனைத் தட்டினேன். பெயர், தேதி, நாடு. பிறகு உடல்நலக் கேள்விகள், வரிசையாக எட்டு.

இந்த இடத்தில் எங்கள் செக் ஷீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு தாள் தொங்கும். எண்ணெய் சரியா, காற்றழுத்தம் சரியா, எமர்ஜென்சி பட்டன் வேலை செய்கிறதா என்று பதினாறு கட்டம். மணிக்கொரு முறை பார்த்து டிக் போட வேண்டும் என்பது விதி. யாரும் பார்ப்பதில்லை. ஷிஃப்ட் தொடங்கியதும் எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. தரப் பிரிவில் இருக்கிற நான்தான் அதன் அடியில் கையெழுத்துப் போடுகிறவன். அதே கைதான் இந்தக் கேள்விகளிலும் இறங்கியது. சர்க்கரை? இல்லை. இதயநோய்? இல்லை. ஆறாவது, 'வலிப்பு அல்லது நினைவு தவறுதல்' என்று இருந்தது. அவனைப் பார்த்தேன்.

டீ கிளாஸ் அவன் வாய்க்குப் பாதி தூரத்தில் நின்றிருந்தது. கண்கள் என் மேல்தான் இருந்தன. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. எதையோ மெல்வது போல உதடு அசைந்தது. இடது கை விரல்கள் இல்லாத ஒரு போல்ட்டைத் திருகிக்கொண்டிருந்தன.

"இன்னா தம்பி, உன் ஃபிரண்டுக்கு டவர் போய்கீது போல" என்று கடைக்கார அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். அவனுக்கு அடிக்கடி வருவதுதான். 'டவர் போச்சு' என்றே ஃபேக்டரியில் பெயர். சிரித்துக்கொண்டே 'இல்லை' என்பதை அழுத்திவிட்டு ஏழாவதற்குப் போனேன். எட்டும் முடிந்தபோது அவன் மிச்ச டீயைக் குடித்துவிட்டு, "முடிஞ்சிச்சால?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், வேறு வேலை இல்லாமல் அந்தப் பாலிசியை முழுவதும் படித்தேன். எல்லோரும் ஓகே அழுத்திவிட்டுப் போகிற முப்பது சொச்சம் பக்கங்கள். கண்டுபிடிக்கும் ஆர்வத்தில் வேகமாகத்தான் தொடங்கினேன். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, நான் இனிஷியல் மட்டும் போட்டிருந்தேன். தவறு ஒன்று. நான் எடுத்தது சுற்றுலாத் திட்டம். மெஷினில் வேலை செய்யும்போது அடிபட்டால் பணம் கிடையாது. அவன் அங்கே ஆறு வாரமும் பிரஸ்ஸில்தான் நிற்கப் போகிறான். தவறு இரண்டு. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு பக்கத்தைத் தள்ளினேன்.

அடுத்து ஓர் இழப்பீட்டு அட்டவணை. ஒரு கட்டைவிரலுக்கு இவ்வளவு, ஒரு கண்ணுக்கு இவ்வளவு. அதன் கீழே, இறந்தவரின் உடலைத் தாயகம் கொண்டு வருவது பற்றி ஒரு பத்தி. அதற்கும் கீழே, உடல்நலம் பற்றித் தவறான தகவல் தந்திருந்தால் பாலிசி தொடக்கத்திலிருந்தே இல்லாததாகக் கருதப்படும் என்று ஒரு வரி. உச்சி வெயில். அந்த வரியை மறுபடி படித்தேன். எங்கோ தெரியாத ஊரில் ஒருவன் படுத்திருக்கிறான், அவன் கையிலிருக்கும் காகிதம் ஒருநாளும் இருந்ததே இல்லை. அப்படி ஆக்கியது, ஆறாவது கேள்வியில் 'இல்லை' அழுத்திய என் விரல்.

வண்டியை எடுத்துக்கொண்டு நேராக இருங்காட்டுக்கோட்டையில் அவன் ரூமுக்குப் போனேன். அங்கே ஷிஃப்ட் மாற்றி ஷிஃப்ட் யாராவது தூங்கிக்கொண்டே இருப்பார்கள். அப்போதும் ஒரு மூலையில் போர்வை மூடிய ஓர் உருவம். கரண்ட் இல்லை. அவன் வெளியே கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், உனக்கு அப்பப்போ வர்றது இன்னான்னு டாக்டர்கிட்ட காட்டினியா?"

"எனக்கு என்னல வருது?"

"டவர் போறது."

"சும்மா ஓட்டாத மக்கா."

"வலிப்பா இருக்கும்டா அது. படிச்சுப் பார்த்தேன்."

"வலிப்புன்னா கீழ விழுந்து கைகால ஒதைக்கணும்லா. நான் என்னைக்கு விழுந்தேன்?"

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "தினம் போகும்ணே. சோப்பக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிப்பான். நான்தான் பைப்ப மூடுவேன்."

"எல்லாரும் சேந்து ஓட்டுதிய" என்று சிரித்தான். உண்மையாகவே சிரித்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் ஃபேக்டரி முழுக்கப் பார்த்துச் சிரித்த ஒன்று நடக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது. "நான் சொல்லட்டா, உனக்குப் பொழுது போகல, அதான்..." என்று தொடங்கியவன், சட்டையின் மூன்றாவது பட்டனைப் பிடித்தபடி நின்றுவிட்டான்.

போனை எடுத்து வீடியோவை ஓட விட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். பிடித்து உட்கார வைத்திருக்கலாம். ஃபேன் நின்ற அந்த அறையில் நெடுஞ்சாலை டிரெய்லர்களின் உறுமல் மட்டும். உதடு மென்றது. விரல்கள் பட்டனைத் திருகின, திருகின. முகம் என் பக்கம்தான் இருந்தது. அந்த முகத்தை எனக்கு நான்கு வருடமாகத் தெரியும். உள்ளேயிருந்து பார்க்க அப்போது யாரும் இல்லை.

"...இப்படிக் கெளம்பி வந்திருக்க" என்று விட்ட இடத்திலிருந்து வாக்கியத்தை முடித்தான்.

வீடியோவைக் காட்டினேன்.

"எப்ப எடுத்த?"

"இப்போதான்."

"பொய் சொல்லாத."

ஆனால் குனிந்து தன் மார்பைப் பார்த்தான். மூன்றாவது பட்டன் மாட்டாமல் தொங்கியது. மறுபடி ஓட விட்டான். முகத்தருகே போனைக் கொண்டு போனான். "யாருல இவன்?" என்றான், மெதுவாக, அறையில் வேறு யாரோ இருப்பது போல.

பட்டனைச் சரியாக மாட்டிக்கொண்டான். "இதச் சொன்னா அனுப்ப மாட்டானுவ. போய்ட்டு வந்தாதான் பெர்மனென்ட். உனக்குத் தெரியும்லா? அழிச்சிரு."

"சொல்லாம போயி அங்க ஒண்ணு ஆச்சுன்னா, அந்தக் காகிதத்த வச்சிகினு ஒண்ணும் பண்ண முடியாதுடா."

அவன் காதில் அது விழவில்லை. வீடியோவின் அடியில் ஓடிய எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பத்திரண்டு வினாடி. "பிரஸ் நாலு செகண்டுக்கு ஒரு தடவ இறங்கும்" என்றான். உதட்டுக்குள் கணக்குப் போட்டான். "பதிமூணு." பிறகு இரண்டு கையையும் விரித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். பத்து விரலும் இருந்தன. எப்படி இருந்தன என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

அன்று அவன் வண்டிச் சாவியை நான் வாங்கிக்கொண்டேன், அவன் மறுக்கவில்லை.

மறுநாள் அவன் மெஷினில் நிற்கவில்லை, லீவு போட்டான். என் ஷிஃப்ட் விட்டதும் ஃபேக்டரி சுவரோரம், வேப்பமர நிழலில் நின்று அவனே இன்ஷூரன்ஸ்காரர்களுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல், பதமாகப் பேசியது. பயணம் தொடங்கவில்லை என்பதால் பாலிசியை ரத்து செய்து புதிதாக எடுக்கலாம், டாக்டர் கடிதம் வேண்டும், ஏற்கெனவே இருக்கிற நோய்க்கான செலவு மட்டும் சேராது, மற்றதெல்லாம் சேரும் என்றது. "உங்களுக்கு என்ன பிரச்சினைன்னு சொல்லுங்க சார், பதிவு பண்ணிக்கிறேன்."

"மேடம், எனக்கு வந்து..." என்றான்.

அதற்குமேல் குரல் வரவில்லை.

"சார்? இருக்கீங்களா?"

தயங்குகிறானா, போய்விட்டானா என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு விரல்கள் திருகத் தொடங்கின.

"சார், கேக்குதா?"

நான் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. இந்தப் பதிலையும் நானே போடக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். எதிரில் ஆட்கள் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரல் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. ஆள் இல்லாத வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவது போல இருந்தது.

அவன் கண்ணில் வெளிச்சம் திரும்பியது. கையிலிருந்த போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "வந்துச்சால?"

தலையாட்டினேன்.

"மேடம், வலிப்பு. இப்பக்கூட வந்துச்சு மேடம். எழுதிக்கிடுங்க."

போனை வைத்த கையோடு, நான் தடுக்கத் தடுக்க, ஃபேக்டரி கேட்டுக்குள் போய் சூப்பர்வைசரிடமும் சொன்னான். நானும் பின்னாலேயே போயிருந்தேன். அவர் போலந்துப் பட்டியலை எடுத்து அவன் பெயரை அடித்தார். கெட்டவர் இல்லை, அவருக்கே மனசு வரவில்லை. "யாருய்யா உன்ன சொல்லச் சொன்னது?" என்று கோபமாகக் கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"யாரும் சொல்லல சார்" என்றான். "நானே பாத்தேன்."