வலப்பக்கத்திலிருந்து படிக்கிற மொழி

"எங்க மருமவ கம்ப்யூட்டர்ல ஓதுற பாஷை படிக்குது" என்று என் மாமியார் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதை மறுக்கிற தைரியம் எனக்கு இல்லை. அதோடு, அது முழுப் பொய்யும் இல்லை.

எண்களை வரிசை வரிசையாகக் கையாளுகிற நிரல்மொழி அது. மற்ற மொழிகளில் ஒரு வரிசையில் இருக்கும் ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகக் கையைப் பிடித்து அழைத்துப்போக வேண்டும். இதில் வரிசை முழுவதற்கும் ஒரே அதட்டல் போதும். சொற்கள் கிடையாது, வட்டம், கோடு, முக்கோணம் என்று குறிகள்தான். எழுதிய வரியை வலது கோடியில் தொடங்கி இடப்பக்கமாகச் செய்துகொண்டு போகும்.

"என்ன புள்ள இது, கோழி கிண்டுன மாதிரி இருக்கு?" என்று மாமி ஒருநாள் திரையை எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"வலப்பக்கத்துலேர்ந்து படிக்கணும் மாமி."

"நம்ம குர்ஆன் ஓதுற மாதிரியா? மாஷா அல்லாஹ்!"

அதுவரை நான் மடிக்கணினியைத் திறந்தால் கண் கெட்டுவிடும், இடுப்பு வலிக்கும், பால் வற்றிவிடும் என்று மருத்துவம் சொன்னவர், அன்றிலிருந்து அதைத் திறந்ததுமே என் மகளைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

எனக்கு எம்.சி.ஏ. கடைசி ஆண்டு பாக்கியிருந்தது. பிரசவத்துக்காகத் தஞ்சாவூர்க் கல்லூரியில் வாங்கிய விடுப்பு முடியப்போகிறது. திரும்பச் சேராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். வளைகுடாவில், கூத்தாநல்லூர் வழக்கில் சொன்னால் சபரில், இருந்த என் கணவர் வீடியோ அழைப்பில் மிகுந்த நியாயத்தோடு தீர்ப்பளித்தார்.

"மாணவர்களுக்குன்னு ஏதோ போட்டின்னு சொன்னியே, அதுல உன் பேரு வரட்டும். வந்தா காலேஜுக்குப் போ. வரலைன்னா புள்ளைய பாத்துக்கிட்டு வீட்டுல இரு. சரிதானே?"

"சரி மச்சான்" என்றேன். அவர் கல்லூரிக்குப் போனபோது எந்தப் போட்டியில் பெயர் வந்தது என்ற கேள்வி, அழைப்பு முடிந்த பிறகுதான் தோன்றியது. எனக்கு நல்ல பதில்கள் எல்லாம் அழைப்பு முடிந்த பிறகே வரும்.

அந்த வருடம் எங்கள் பக்கத்தில் நிலத்தகராறு இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருந்தது. வயல்களில் குழாய் பதிக்க வந்தவர்களை எதிர்த்து அடிக்கடி சாலை மறியல். ஆளுங்கட்சியும் வந்து ஆதரவு கொடுத்தது, எதிர்க்கட்சியும் வந்து ஆதரவு கொடுத்தது. அப்புறம் யாரை எதிர்த்து மறியல் என்பதுதான் யாருக்கும் புரியவில்லை. என் மாமனாருடையது இதைவிடச் சின்னப் போராட்டம். எங்கள் வயலின் இரண்டு பக்கத்து வரப்புகளையும் பக்கத்து வயல்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டித் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பது அவர் புகார்.

போட்டிக் கணக்குகளை அந்த நிரல்மொழியில் வீட்டிலிருந்தே போட்டு இணையத்தில் அனுப்பலாம். மற்றவற்றை முடித்துவிட்டேன். கடைசிக் கணக்கில் நின்றேன். மாமா கேட்டார், "என்னதாம்மா கேக்குறான்?"

"ஒரு வரிசையில, ரெண்டு பக்கத்துல இருக்குறதையும் விட எதெது உசரம்னு கண்டுபிடிக்கணும் மாமா. உசரமா இருந்தா ஒன்னு, இல்லைன்னா பூஜ்யம்."

"அதுக்கு எதுக்கு கம்ப்யூட்டரு? சர்வேயரக் கூப்புடு."

சர்வேயர்தான் பல மாதமாக வருவதாக இல்லையே. தலையாட்டிவிட்டுத் திரைக்குத் திரும்பினேன்.

கடைசி நாள், பிற்பகல் அஸர் தொழுகை நேரத்தோடு கெடு முடிகிறது. அன்று பார்த்து மாமா பக்கத்து வயல்காரரைக் கூடத்துக்கே அழைத்து வந்துவிட்டார். நான் உள்ளறையில்.

"வரப்ப நான் வெட்டல பாய். நண்டு வளை போட்டு சரிஞ்சிருச்சு. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"உங்க ஊரு நண்டு மம்பட்டி வச்சிருக்கா? நேர்கோடு போட்டாப்ல வெட்டியிருக்கு!"

"நண்டுக்கெல்லாம் நான் ஜாமீன் கொடுக்க முடியாது பாய்."

இந்தப் பக்கவாத்தியத்தோடு நான் என் வரியை எழுதி முடித்தேன். அவர்கள் கொடுத்திருந்த மாதிரி வரிசை: 2 5 2 5 2. என் வரி சொன்ன விடை: 0 1 0 1 0. சரி. அத்துடன் எழுந்துபோய்த் தேநீர் போட்டிருக்க வேண்டும்.

எழவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று நான்கு முறை போய்ப் பார்க்கிற ஜாதி நான். இந்த மொழி வலமிருந்து அல்லவா வருகிறது, அப்படியென்றால் விடையும் வலமிருந்து அல்லவா வரும், அதைத் திருப்பாமல் கொடுத்தால் தப்பாகிவிடாதா? சிறுவயதில் அரபி ஓதும் பள்ளியில் புத்தகத்தை இடப்பக்கம் திறந்தால், ஓதிக்கொடுக்கிற உஸ்தாபி விரலில் தட்டி, "திருப்பிப் புடி" என்பார். அந்தக் குரல் காதிலேயே கேட்டது. திருப்பிப் பிடித்தேன். வரிசையை முன்பின்னாக மாற்றுவதற்கு ஒரு குறி உண்டு, நடுவில் கோடு போட்ட வட்டம். அதை வரியின் முன்னால் வைத்து ஓட்டிப் பார்த்தேன். 0 1 0 1 0. இப்போதும் சரி! என் கவனத்தை நானே மெச்சிக்கொண்டேன். பாங்கு சொன்னார்கள், அனுப்பிவிட்டேன்.

வென்றவர்களில் என் பெயர் இல்லை. என் கடைசி விடைக்குப் பக்கத்தில் நடுவர் ஒருவர் மரியாதையாகக் கேட்டிருந்தார்: விடை முன்பின்னாக வருகிறது, அந்த முதல் குறி எதற்கு?

எதற்கு என்று அவருக்கு எப்படி விளக்குவது? வலமிருந்து இடமாக நடப்பது வேலை மட்டும்தான். வரிசை தன் இடத்திலேயே நிற்கும். மாதிரி வரிசையோ எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒன்று. அதனால்தான் தப்பும் சரியும் ஒரே முகத்தோடு வந்தன. அரபியில்கூட எழுத்துதான் வலமிருந்து. பன்னிரண்டு என்ற எண்ணை ஒன்று, இரண்டு என்று இடமிருந்துதான் எழுதுவோம். ஐந்து வயதிலேயே எனக்குத் தெரிந்த விஷயம் இது.

அன்று கணவர் அழைத்தார்.

"பேரு வரலையா?"

"வரல மச்சான்."

"அப்ப நாம பேசுன மாதிரி..."

மாமி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "என்னடா பேசுனீங்க? ஓதுற பாஷை படிக்குதுன்னு தெருவுல எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன். பாதியில நிறுத்துனா நாளைக்கு எவ மூஞ்சில நான் முழிக்கிறது? புள்ளைய நான் பாத்துக்குறேன்."

"உம்மா, அது ஓதுறது இல்ல உம்மா."

"வலப்பக்கத்துலேர்ந்துதானே படிக்குது?"

திரையில் அவர் என்னைப் பார்த்தார். "ஆமா" என்றேன். அது உண்மை.

கல்லூரி திறந்த அன்று பேருந்து ஏறினேன். ஜெயித்திருந்தால்கூட இவ்வளவு சுலபமாக அனுப்பியிருப்பார்களா என்று சந்தேகம். அது போதாதென்று, பிள்ளையை விட்டுவிட்டுப் படிக்கப் போகிறவள் நல்ல தாய்தானா என்று இன்னொரு சந்தேகம். நீடாமங்கலத்துக்கு முன்னால் மறியல், பேருந்து நின்றுவிட்டது. இறங்கித் திரும்பிவிடலாமா என்று வீட்டுக்குப் போன் செய்தேன்.

"பாப்பா பால் குடிச்சாளா மாமி? அழுவுறாளா?"

"அதெல்லாம் குடிச்சுட்டா. நீ வச்சுட்டு ஓதுற வேலையப் பாரு."