ஒன்றரைக் கிலோ படுக்கை

கோபம் வந்த நாள்களுக்கு மட்டும் நாள்குறிப்பு நோட்டின் மேல் மூலையில் சிவப்பு மையால் ஒரு கோடு போடுவது என் பழக்கம். இப்போதும் போடுகிறேன். ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் தொடர்ந்து எட்டுப் பக்கங்களில் கோடு இருக்கிறது. எட்டும் அப்பா மேல் வந்த கோபத்துக்குப் போட்டவை. எட்டாவது கோடு தாளைக் கிழித்துக்கொண்டு அடுத்த பக்கத்திலும் பதிந்திருக்கிறது.

கடல் ஊருக்குள் வந்துபோய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. கருக்களாச்சேரியில் எங்கள் வீடு இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் மிஞ்சியிருந்ததால், சாலையோரம் வரிசையாகப் போட்டுக்கொடுத்த தகரக் கொட்டகை ஒன்றில் அப்பா, அம்மா, அண்ணன், நான் என்று நான்கு பேரும் இருந்தோம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கட்டிக் கிடந்தன. விசைப்படகுத் தொழிலாளியான அப்பா பகல் முழுவதும் கொட்டகை வாசலில், முகத்தைச் சாலைப் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருடைய இரண்டு கணுக்காலிலும் கோடு கோடாகத் தழும்பு இருந்தது. கேட்டதற்கு முள்வேலி கிழித்தது என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன்.

அம்மாவின் தம்பியான மாமா காரைக்காலில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அந்தச் சமயத்தில் அவர் ஒரு திட்டத்தோடு வந்தார். மூன்று சைக்கிள், அவர், அண்ணன், நான். நாகூர், வேளாங்கண்ணி, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை. போக இரண்டு நாள், வர இரண்டு நாள். எங்கே களைப்பாகிறதோ அங்கே மணலிலேயே படுக்கை. சமையல் மாமா பொறுப்பு, பஞ்சர் ஒட்டுவது அண்ணன் பொறுப்பு, படுக்கை என் பொறுப்பு.

“ஒரு ஆளுக்குப் படுக்கை ஒன்றரைக் கிலோ. அதுக்கு மேல ஒரு கிராம் இருந்தாலும் ஒன்னைய நாகூர்ல எறக்கி விட்டுட்டுப் போயிடுவேன்” என்றார் மாமா.

“அப்ப ஒங்க தொப்பைய எதுல சேக்கிறது மாமா?”

“அது வண்டியோட சேத்தி.”

அப்பா மறுக்கவில்லை. “படுக்கை சரியா இருந்தா போவட்டும்” என்றார். அதை நோட்டில் எழுதி, அவர் சொன்ன நேரத்தையும் பக்கத்திலேயே குறித்துக்கொண்டேன். என்னைப் பொறுத்தவரை அது வாக்கு. அதுவரை நான் வேளாங்கண்ணியைத் தாண்டிப் போனதில்லை. அண்ணன் நினைத்தால் எங்கு வேண்டுமானாலும் போய்விட்டு வந்து சாப்பாடு கேட்பான். எனக்கு இந்த ஒரு பயணம்தான் கிடைத்திருந்தது.

அம்மா மீன் விற்கப் போகிறவள். அவளுடைய ஸ்பிரிங் தராசைக் கொட்டகையின் குறுக்குக் கம்பியில் தொங்கவிட்டு, படுக்கக்கூடியது என்று எங்களிடம் இருந்த எல்லாவற்றையும் நிறுத்தேன். ஜமுக்காளம் இரண்டரைக் கிலோ. எடுத்த எடுப்பிலேயே தள்ளுபடி. கோரைப்பாய் ஒரு கிலோ எழுநூறு. கால்மாட்டில் இரண்டு சாண் அறுத்துவிட்டு ஓரத்தைத் தைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, “அடிப்பாவி, இனிமே ஒங்கப்பன் காலு தரையிலதான் கெடக்கும்” என்றாள். சுருட்டிக் கேரியரில் குறுக்காகக் கட்டினால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றது.

“லாரிக்காரன் இழுத்துகிட்டுப் போயிருவான். வேற பாரு” என்றார் அப்பா.

நியாயம்தான் என்று அடுத்ததற்குப் போனேன். பிளாஸ்டிக் பாய் எண்ணூறு கிராம், நான்காக மடியும். மேலே விரிக்க அம்மாவின் பழைய புடவை முந்நூற்றைம்பது.

“மணல்லேர்ந்து குளுரு ஏறும். வேற பாரு.”

மே மாதத்தில் என்ன குளிர் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மாமாவின் கடைக்குப் போனேன். புது சைக்கிள் வந்த பெட்டிகளிலிருந்து வெள்ளை நுரைத்தாளை உருவிக் கொடுத்தார். தோளிலிருந்து இடுப்புவரை மெத்தென்று இருந்தால் போதும், காலுக்கு வேண்டியதில்லை என்பதைத் தரையில் படுத்துப் படுத்துப் பார்த்தே கண்டுபிடித்தேன். அந்த அளவுக்கு வெட்டி, இரண்டு அடுக்காகப் பாயின் அடியில் வைத்துத் தைத்தேன். அது இருநூறு கிராம். மொத்தம் ஒரு கிலோ முந்நூற்றைம்பது. ஆளுக்கு ஒன்றாக மூன்று தைத்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. விரலில் ஊசி குத்தியது ஏழு முறை.

அப்பா அதில் உட்கார்ந்தார், படுத்தார், புரண்டார். குறை எதுவும் சொல்ல முடியவில்லை. பிறகு கேட்டார்: “படுத்திருக்கறப்ப எந்திரிச்சு ஓடணும்னா எவ்ளோ நேரம் ஆவும்?”

“எதுக்குப்பா ஓடணும்?”

“நாயி வரும், மாடு வரும். எவ்ளோ நேரம்?”

அண்ணனின் கைக்கடிகாரத்தை வாங்கி, படுத்து எழுந்து ஓடிப் பார்த்தேன். வாசலிலிருந்து சாலையைத் தொட மூன்று விநாடி. எழுதிக் காட்டினேன். அப்பா தாளைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

“தூக்கத்துல அவ்ளோ வேகம் வராது. வேற பாரு.”

தூங்காமல் இருக்கவா படுப்பார்கள்? ஒவ்வொரு முறையும் நான் ஒரு குறையைத் தீர்க்க, அவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். அன்று போட்ட கோடு ஆறாவது.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். நிவாரண மூட்டைகளோடு, ஏதோ குளிர்நாட்டுக்காரர்கள் நல்ல மனதோடு அனுப்பிய தூக்கப்பைகள் எங்கள் வரிசைக்கும் வந்திருந்தன. உள்ளே பஞ்சு, பக்கவாட்டில் நீளமான ஜிப். காரைக்கால் வெக்கையில் அதற்குள் எவன் படுப்பான்? எங்கள் வரிசையில் அதை ‘பைமெத்தை’ என்றார்கள். எதிர்க் கொட்டகைக்காரர் தன் படகு என்ஜினுக்குப் போர்த்தியிருந்தார். அம்மாதான் சரியான உபயோகம் கண்டாள். ஐஸ் போட்ட மீனைப் பிளாஸ்டிக் பையில் கட்டி உள்ளே வைத்து ஜிப்பை இழுத்துவிட்டால் மதியம்வரை ஐஸ் கரையாது. குளிர் உள்ளே வராமலிருக்கத் தைத்த பை, எங்களிடம் குளிர் வெளியே போகாமல் பார்த்துக்கொண்டது.

அதை அம்மாவிடம் கெஞ்சி வாங்கி மூன்று முறை சோப்புப் போட்டுத் துவைத்தேன். காய இரண்டு நாள். அப்படியும் ஜிப்போரம் வஞ்சிரம் மணத்தது. எடை ஒரு கிலோ நானூற்றைம்பது. விரித்தால் மெத்தை, பாயே தேவையில்லை. மூடினால் கொசு வராது. இதற்கு மேல் அவர் என்ன சொல்லிவிட முடியும்?

எட்டாம் நாள் காலை பதினோரு மணி. மறுநாள் புறப்பாடு. மாமா மூன்று சைக்கிளுக்கும் எண்ணெய் போட்டுக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார். நான் கொட்டகைக்குள் பையை விரித்து, அப்பாவைப் படுத்துப் பார்க்கச் சொன்னேன். வேண்டாம் என்றார். விடவில்லை. கடைசியில் காலை உள்ளே நுழைத்து, கைகளை மார்பில் வைத்துக்கொண்டு படுத்தார்.

“மச்சான், உப்பு போட்டு வெயில்ல வச்சா கருவாடா ஆயிருவீங்க” என்றார் மாமா. அண்ணன் சிரித்தான்.

“பாருங்கப்பா, ஒரு கொசு உள்ள வர முடியாது” என்று ஜிப்பைக் கழுத்துவரை சர்ரென்று இழுத்துவிட்டேன்.

அப்பாவின் முகம் மாறியது. கையை வெளியே எடுக்கப் பார்த்தார். நான் பதறி ஜிப்பைக் கீழே இழுக்க, உள்துணி அதன் பல்லில் சிக்கிக்கொண்டது. அவர் உருண்டு தகரத்தில் போய் இடித்தார்.

“கத்தி! கத்திய எடு! கத்தி எங்கடா!”

அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. மாமா பாய்ந்து வந்து ஜிப்பைப் பிய்த்தார். தையல் கிழிந்து பஞ்சு வெளியே வந்தது. அப்பா எழுந்து சாலைவரை ஓடி, அங்கே நின்று மூச்சு வாங்கினார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. திரும்பி வந்து, கிழிந்த பையைத் தெருவில் வீசிவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

“அவ போவ மாட்டா.”

“எடை சரியா இருக்கு! படுக்கை சரியா இருந்தா போவட்டும்னு நீங்கதானே சொன்னீங்க? நோட்டுல இருக்கு!” என்று கத்தினேன். “ஆரம்பத்துலேர்ந்தே விடுற எண்ணம் இல்ல ஒங்களுக்கு. சும்மா என்னைய வச்சு வெளையாண்டீங்க!”

மாமா ஜோக் எதுவும் அடிக்காமல், “விடு பாப்பா” என்றார். அதற்காக அவர் மேலும் கோபப்பட்டேன்.

மறுநாள் மாமாவும் அண்ணனும் நான் தைத்த பாய்களைக் கட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாவது பாய் கொட்டகையில் கிடந்தது. நான்காம் நாள் திரும்பி வந்த அண்ணன், “பாயி சூப்பரா இருந்துச்சுடி” என்றான். பள்ளி திறக்கும்வரை நான் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் சமாதானம் சொல்ல வரவில்லை.

என் மகளுக்கு இப்போது அதே வயது. போன மாதம் அவள் சைக்கிள் முகாமுக்குப் போகவென்று கைபேசியில் தூக்கப்பைகளின் எடையை ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். வந்திருந்த மாமா அதைப் பார்த்துவிட்டு, எனக்கும் தெரிந்த விஷயம்போல் சொன்னார்: “ஒங்கப்பாவ அதுல போட்டு இழுத்து மூடினியே. வலைக்குள்ளேர்ந்து வந்த மனுசன்.”

கடல் வந்த காலையில் அப்பா கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தாராம். பக்கத்தில் அவருடைய கூட்டாளி. தண்ணீர் இரண்டு பேரையும் அதே வலையில் சுருட்டிக்கொண்டு போனது. கத்தி ஒன்றுதான் இருந்தது. அப்பா மட்டும் அறுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. கொட்டகை வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் இந்த வலை விஷயம் தெரிந்திருக்கிறது. அம்மாவுக்கு, மாமாவுக்கு, அண்ணனுக்குக்கூட. என்னிடம் மட்டும் ஒருவரும் ஒரு வாக்கியம் சொல்லவில்லை. மகளை மணலில் படுக்கவிடப் பயமாக இருக்கிறது என்று அவர் சொல்லியிருந்தால் நான் அன்றே ஊசியைக் கீழே வைத்திருப்பேன். ‘வேற பாரு, வேற பாரு’ என்று என்னை எட்டு நாள் தைக்கவிட்டார். அதற்கான கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. மாமா சொன்ன நாளுக்கும் கோடு போட்டேன்.

போட்டுவிட்டுப் பழைய நோட்டை எடுத்து எட்டாம் நாள் பக்கத்தைப் பார்த்தேன். எடை, நேரம், எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. கடைசி இரண்டு வரிகள் இவை:

‘ஜிப்பைத் திறக்க ஆன நேரம் சுமார் பத்து விநாடி. அப்பா கத்தி கேட்டார்; என் பையை அறுத்துப் போடுவதற்கு.’