பால் டின் மூடியும் பொங்கல் அகப்பையும்

என் கொழுந்தன் பெண்டாட்டியை எனக்குப் பிடிக்காது. காரணம் கேட்டால் சொல்ல ஒன்றும் கிடையாது, அதுதான் இன்னும் எரிச்சல். சிங்கப்பூரில் வேலை, சொந்தக் கார், யாரிடமும் முகம் சுளிக்காத பேச்சு. அவள் வைத்த ரசத்தை மாமியார் எதிர்வீடு வரை போய்ப் புகழ்ந்துவிட்டு வந்தார். இத்தனை வருஷமாக அந்த வீட்டில் ரசம் வைத்தவள் நான்.

எனக்கென்று இருந்தது ஒன்றுதான். மலேசியாவில், பாசிர் கூடாங்கில் எங்கள் வீட்டு முன்னால், கார் நிற்கும் இடத்தில் செங்கல் அடுக்கிப் பொங்கல் வைப்போம். பால் ஊற்றி அகப்பை பிடிப்பது மூத்த மருமகள். கையில் காயம் இருந்தால் பானையைத் தொடக்கூடாது என்பது மாமியாரின் சட்டம்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, தேத்தண்ணிக்குக் கெட்டிப்பால் டின்னைத் திறந்தபோது மூடி என் ஆள்காட்டி விரலின் அடியில் ஆழமாக இறங்கியது. வலிக்கு முன்னால் வந்த நினைப்பு, அகப்பை அவள் கைக்குப் போய்விடும் என்பதுதான். காப்பித்தூளை அப்பி, துணியைச் சுற்றி, மேலே ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டேன். கணவர் கேட்டதற்கு, "சோப்பு ஒத்துக்கல" என்றேன்.

பொங்கலன்று காலையில் உள்ளங்கை வரை வீங்கிச் சிவந்திருந்தது. முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு நின்றேன். பால் செம்பைத் தூக்கியபோது பிடி நழுவியது. அவள் என் கையை இழுத்துப் பார்த்துவிட்டுக் கார் சாவியை எடுத்தாள்.

"வாங்கக்கா, கிளினிக் போலாம்."

"நல்ல நேரம் போயிடும் லா. நீ பால ஊத்து" என்றார் மாமியார் அவளிடம்.

"அது அக்கா வேல, அத்த. வந்து வெக்கலாம்."

அந்த நல்லதனத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அகப்பையைப் பிடுங்கியிருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

டாக்டர் கீறிச் சீழெடுத்தார். "அன்னிக்கே வந்திருந்தா கழுவி, ஊசி போட்டு, ரெண்டு தையலோட முடிஞ்சிருக்கும். காப்பித்தூள ஏம்மா வெச்சீங்க?" என்றார். கட்டுப் போட்ட நர்ஸ், "உங்க தங்கச்சியா? குடுத்து வெச்சவங்க நீங்க" என்றாள். அங்கேயும் அவளுக்குத்தான் பாராட்டு.

புண் ஆறியது. விரல் மடங்கவில்லை. கனமான அகப்பையைப் பிடித்துக் கிண்ட முடியாது என்று எனக்கு முன்பே மாமியாருக்குத் தெரிந்திருந்தது. மறு வருஷம் கேட்காமலே அதை அவளிடம் நீட்டினார். அவள் வாங்காமல் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

இப்போதெல்லாம் வெட்டுக் கொஞ்சம் ஆழமாகத் தெரிந்தாலும் குழாயில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திக்கொண்டு நேரே கிளினிக்குக்குப் போய்விடுகிறேன். டின் மூடி வெட்டிய அன்றைக்கே போயிருந்தால் அந்த ஒரு பொங்கல்தான் அவளுக்குப் போயிருக்கும். இப்போது எல்லாப் பொங்கலும் அவளுடையது.