பிடுங்கிப் பார்க்கும் கை

"இந்தத் தடவை என்ன வாங்கிட்டு வந்திருக்கே?" என்று கேட்டாள் தங்கை.

"குச்சி," என்றாள் அக்கா, செருப்பைக் கழற்றியபடியே.

"போன தடவையும் குச்சிதானே?"

"அது வேற குச்சி. இது வேற."

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "இன்னும் நாலு ஊர் போய்ட்டு வரச் சொல்லு. கேஸே வேண்டாம், இதை வச்சே சமைச்சுடலாம்."

"அம்மா, இந்தப் பூ காலையில வெள்ளை, மத்தியானம் ரோஸ், சாயங்காலம் சிவப்பு. இதையா அடுப்புல வைப்பே?"

"பூ எங்கேடி? நீ குச்சியைத்தானே காட்டுறே?"

"பூக்கும்."

"உன் கையிலயா?" என்றாள் அம்மா.

இந்தப் பேச்சு தங்கைக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. அக்கா தோளில் பையை மாட்டிக்கொண்டு போய்வந்த கடைசிப் பயணம் அது. கடைசி என்று அன்று யாருக்கும் தெரியாது.

அக்கா தையல் மெஷின் மெக்கானிக். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்கு மெஷின் விற்கும் கம்பெனி ஒன்றில் வேலை. எந்த ஊரிலாவது ஒரு வரிசை மெஷின்கள் மக்கர் பண்ணினால் போன் வரும். போனை வைப்பதற்குள் அவள் ஒரு செருப்பைப் போட்டிருப்பாள். காலில் சக்கரம் கட்டியவள் என்று அம்மா அலுத்துக்கொள்வாள். ஆனால் அவள் கிளம்பும்போது தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைப்பதும் அம்மாதான்.

போன இடத்தில் மெஷினைவிட வேலிதான் முதலில் அவள் கண்ணில் படும். தொழிற்சாலை வாசல், ஆஸ்பத்திரிச் சுவர், பஸ் நிலையத்தின் பின்பக்கம், எங்கே புதிதாக ஒரு பூ தெரிந்தாலும் கால் நின்றுவிடும். கேட்காமல் ஒடிக்க மாட்டாள். "அண்ணே, ஒரு குச்சி எடுத்துக்கட்டுமா?" என்பாள். காவலாளிகள் பெரும்பாலும் சிரித்துவிடுவார்கள். "மரத்தையே கொண்டு போம்மா, பெருக்குற வேலையாவது மிச்சம்" என்று ஒருவர் சொன்னாராம்.

இளங்கொம்பை விட்டுவிட்டு, பென்சில் கனத்தில் முற்றிய கொம்பாகப் பார்த்து எடுப்பாள். துணி வெட்டும் கத்தரியைத் தொடமாட்டாள். அதில் வேறெதை வெட்டினாலும் தையல்காரப் பெண்கள் சும்மா விடமாட்டார்கள். பிளேடால் அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் சீவுவாள், நடும்போது தலை எது கால் எது என்று குழம்பாமல் இருக்க. அப்புறம் நனைத்த துண்டுத்துணியில் சுற்றி, ஸ்குரூடிரைவருக்கும் எண்ணெய்க் குப்பிக்கும் நடுவே செருகிவிடுவாள். தொழிற்சாலைகளில் அவளுக்குக் குச்சியக்கா என்றே பெயர்.

இவ்வளவும் சரியாகச் செய்கிறவளுக்கு ஒரே ஒரு வியாதி. நட்ட குச்சியைப் பிடுங்கிப் பார்ப்பாள். வேர் விட்டிருக்கிறதா என்று தெரியாமல் அவளால் இருக்க முடியாது. விடாத குச்சியைத் திரும்ப நட்டுவிடலாம். விடத் தொடங்கிய குச்சியைப் பிடுங்கினால் நூல் மாதிரி இருக்கும் வேர் மண்ணிலேயே அறுந்துபோகும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் பிடுங்குவாள்.

பால்கனியில் இருந்த காகிதப்பூவும் இட்லிப்பூவும் மஞ்சள் அடுக்குச் செம்பருத்தியும் பிழைத்தது வேறொன்றாலும் அல்ல. அவற்றை நட்ட மறுநாளே அவளுக்குப் போன் வந்தது. அவள் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தபோது இங்கே தங்கை பேசாமல் தண்ணீர் ஊற்றினாள். அக்கா திரும்பி வந்து, "பாத்தியா என் கைராசி!" என்றாள். தங்கை அதற்கும் பேசவில்லை.

நிறம் மாறும் பூவின் குச்சிகளை நட்ட வாரம் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. ஊருக்கு ஒரு ஏஜென்ட் போட்டுவிட்டார்கள், இனி வெளியூர்ப் பயணம் இல்லை. அக்காவுக்குப் பதவி உயர்வு: உள்ளூர் ஒர்க்‌ஷாப்பில், சுழலும் நாற்காலியில், மற்ற மெக்கானிக்குகளுக்குப் போனில் வழி சொல்லும் வேலை.

"கடவுள் கண்ணைத் திறந்துட்டார்," என்றாள் அம்மா.

அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்ததைவிட அதைச் சுற்றியதுதான் அதிகம். "நீ சொல்றது புரியலைப்பா, மெஷின் சத்தத்தைக் கேக்க வை" என்று போனில் கத்துவாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பாள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த அம்மாவின் தையல் மெஷினைக் கழற்றிப் பூட்டினாள். மறுபடி கழற்றினாள். தெருவில் பஸ் ஹாரன் கேட்டால் தலை தானாகத் திரும்பும்.

"உக்காருடி. பாக்குற எனக்கே தலை சுத்துது," என்றாள் அம்மா.

"உக்காந்துதானேம்மா இருக்கேன் பகல் பூரா!"

குச்சிகள் இரண்டு, தொட்டிக்கு ஒன்றாக. அவை வந்த வேலி சாலையை அகலப்படுத்த இடிபடப் போகிறது என்று அந்த ஊர்க் காவலாளியே சொல்லியிருந்தார். இதற்குள் இடித்திருப்பார்கள். திரும்பப் போய் ஒடிக்க அங்கே செடியும் இருக்காது, போகச் சொல்லிப் போனும் வராது. இரண்டில் ஒன்றாவது துளிர்த்தாக வேண்டும்.

முதல் குச்சியை அவள் பிடுங்கிய காலையில் தங்கை கதவருகே நின்றிருந்தாள். அக்கா பால்கனியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரல் நுனியில் குச்சியைப் பிடித்திருந்தாள். அடியில் வெள்ளையாய், அரிசி முனை அளவுக்கு, ஏதோ அறுந்த தடம்.

"விட்டிருந்துச்சுடி," என்றாள். "வேர் விட்டிருந்துச்சு."

அதைத் திரும்ப நட்டாள். நாலைந்து நாளில் தோல் சுருங்கிக் கறுத்தது. குப்பையில் போட அம்மா கை நீட்டியபோது, "இருக்கட்டும்" என்று தடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து இரண்டாவது தொட்டிப் பக்கமே போவதில்லை என்று முடிவு எடுத்தாள். பால்கனிக் கதவைத் தாழ் போட்டாள். துணி காயப் போட என்று திறந்தாள். மழை வருதா பார்க்க என்று திறந்தாள். குச்சியின் மேல்கணுவில் கடுகு அளவுக்குப் பச்சை தெரிந்ததும் அவளுக்குச் சோறே இறங்கவில்லை. வேரில்லாமலும் கொஞ்ச நாள் துளிர் காட்டிவிட்டுச் சாகும் குச்சிகள் உண்டு. இது எந்த வகை என்று தெரிய ஒரே வழிதான். தங்கை பார்க்கும்போதெல்லாம் அக்காவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தங்கை அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா தொட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். விரலில் ஈரமண் ஒட்டியிருந்தது. தங்கையின் கண் குச்சிக்குப் போனது. அது நேராக நின்றது.

"இன்னும் பிடுங்கலை. கையை வச்சுட்டேன், பிடுங்கலை," என்றாள் அக்கா. "அம்மாகிட்ட குடுத்தா சிரிச்சே காட்டிக் குடுத்துடுவா. உன் வாயிலேர்ந்துதான் ஒரு வார்த்தை பிடுங்க முடியாது."

தங்கை கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"இதை எங்கேயாவது கொண்டு போய் வை. மொட்டை மாடியோ, உன் சிநேகிதி வீடோ, எனக்குத் தெரிய வேண்டாம். பூத்த அப்புறம் கொண்டு வா," என்று தொட்டியை நீட்டினாள் அக்கா. "நடுவுல நான் கேப்பேன். கெஞ்சுவேன், திட்டுவேன், சண்டைக்குக்கூட வருவேன். என்ன ஆனாலும் சொல்லிடாதேடி."