தானாகச் சேர்ந்த மண்

நில உச்சவரம்புச் சட்டம் வந்து ஊரெங்கும் நிலத் தகராறாக இருந்த காலம். பாபநாசம் பக்கம் குடமுருட்டிக் கரையில் தர்மாம்பாளின் கொல்லை, வண்டல் படிந்து படிந்து ஆற்றுப் பக்கம் அகன்றிருந்தது. அகன்ற இடம் புறம்போக்கு என்று வழக்கு வந்தது. புருசன் போனபின் அவளுக்குப் பேச்சுத்துணைக்கும் ஆளில்லை. அந்தக் கொல்லைதான் எல்லாம்.

வக்கீல் செல்லத்துரை உற்சாகமாகச் சொன்னார்: “இங்கிலீசுல ‘அக்ரூ’ன்னு ஒரு சொல்லு இருக்கும்மா. லத்தீன்லேருந்து வந்தது, வளர்றதுன்னு அர்த்தம். வட்டி முதலோட சேர்றதுக்கும் அதான், வண்டல் கரையோட சேர்றதுக்கும் அதான். ஆள் கைபட்டு வளர்ந்தா ஆக்கிரமிப்பும்பாங்க. தானா சேர்ந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க, மண்ணு உங்களுக்குத்தான்.”

“நம்ம ஊரு சேத்துக்கு இங்கிலீசுல பேரா!” என்று சிரித்தாள்.

கூண்டில் ஏறி நின்றவளிடம் நீதிபதி கேட்டார்: “மண்ணு தானா சேர்ந்துச்சா?”

“இல்லீங்கய்யா. வருசா வருசம் தண்ணி வடிஞ்சதும் நான்தான் கரையோரம் நொச்சிக் கிளைய வெட்டிப் போத்து நட்டேன். அதுதான் வண்டலப் புடிச்சு நிறுத்துச்சு.”

என்ன பெண் இவள்! மண் கைவிட்டுப் போயிற்று.

வெளியே வந்து வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். “ஏம்மா, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“தானா வந்துச்சுன்னு சொல்லிட்டா, அத்தன வருசம் நான் ஒருத்தி அங்க கெடந்தது யாருக்குங்க தெரியும்?”