என் பெயரில் போன மின்னஞ்சல்

யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்தேன். குண்டசாலையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தேன். அக்கா கனடாவில். தம்பி கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தான். அங்கே சுற்றிவளைப்பு, தமிழ் இளைஞர்களைப் பிடிக்கிறார்கள் என்று செய்தி வந்தால், அவன் குரலைக் கேட்கும்வரை எனக்குச் சோறு இறங்காது.

வீட்டில் இருந்த ஒரே தொலைபேசி சிங்களவரான வீட்டுக்காரரின் ஹோலில் இருந்தது. அங்கே நின்று தம்பியைப் பற்றித் தமிழில் கதைக்கப் பயம். அதனால் சனிக்கிழமைகளில் டவுனில் ஒரு நெட் கபேக்குப் போய், ஆங்கில எழுத்தில் தமிழாக அக்காவுக்கு மின்னஞ்சல் அனுப்புவேன். ‘தம்பியின்ர விசயம் போனில வேண்டாம், எழுதுங்கோ’ என்று அடிக்கடி எழுதியிருக்கிறேன்.

ஒருநாள் மின்னஞ்சல் நிறுவனமே அனுப்பியதுபோல ஓர் அறிவித்தல் வந்திருந்தது. கணக்கை உறுதிப்படுத்தாவிட்டால் மூடிவிடுவார்களாம், கடிதங்கள் எல்லாம் அழிந்துவிடுமாம். பதறிப்போய் அதிலிருந்த இணைப்பை அழுத்தினேன். வழக்கமான பக்கம்போலவே திறந்தது. கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு, நிம்மதியாக பஸ் ஏறினேன்.

அடுத்த கிழமை வீட்டுக்காரம்மா என்னைக் கீழே கூப்பிட்டார். போனில் அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

“பொறுக்கேலாமல் எடுத்தனான். தம்பியை விட்டிட்டாங்களோ?”

“ஆர் பிடிச்சது? நேற்றும் கதைச்சனான். நல்லாத்தானே இருக்கிறான்.”

அக்கா நான் அனுப்பியதாக வந்த மின்னஞ்சலை வாசித்தாள். தம்பி பொலிஸில், போன் எடுக்க வேண்டாம், அவனை வெளியில் எடுக்கிற ஆளுக்கு உடனே காசு அனுப்புங்கோ. அக்கா அனுப்பிவிட்டாள். ‘தம்பியின்ர விசயம் போனில வேண்டாம்’ என்ற வரி அதிலும் இருந்தது. யாரோ உட்கார்ந்து என் கடிதங்களையெல்லாம் வாசித்திருந்தார்கள். வாசித்தவனுக்கு எங்கள் தமிழ் தெரிந்திருந்தது. எங்கள் ஆளாகத்தான் இருக்கவேண்டும் என்ற நினைப்பே என்னை அதிகம் சுட்டது.

தம்பி கண்டிக்கு வந்து, நெட் கபேயில் என் பக்கத்தில் இருந்து அந்த அறிவித்தலைத் தேடி எடுத்தான். அனுப்பியவரின் முகவரியில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது.

“சின்னக்கா, ஒரு கொம்பனியும் கடவுச்சொல்லைக் கேக்காது. கேட்டாலே கள்ளன் எண்டு நினையுங்கோ. அவசரப்படுத்தினால் இன்னும் சந்தேகப்படுங்கோ” என்றான். கடவுச்சொல்லையும் மாற்றித் தந்தான்.

இதையெல்லாம் அக்காவுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அத்தான் போனை வாங்கினார்.

“உம்மட பெட்டியில இருந்துதானே வந்தது? ஆர் எழுதினது எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அக்கா பக்கத்தில்தான் நின்றாள். அவரைத் தடுக்கவில்லை. அதன் பிறகு அவளுடைய கடிதங்கள் இரண்டு மூன்று வரிகளாகச் சுருங்கின.

அடுத்த வருடம் தம்பியை உண்மையாகவே லொட்ஜிலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள். கொழும்பில் அக்காவுக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவர் இருந்தார். டவுனில் ஒரு தொலைபேசிக் கடைக்கு ஓடிப்போய் அக்காவுக்கு எடுத்தேன்.

“அக்கா, தம்பியைப் பிடிச்சிட்டாங்கள்.”

அவள் கேட்டாள்: “எங்கட கிணத்தடியில என்ன மரம் நிண்டது?”

“நான்தான் அக்கா.”

“சொல்லு.”

“தேசி மரம்” என்றேன். அதன் பிறகுதான் அவள் அழுதாள். சட்டத்தரணிக்கும் உடனே எடுத்துச் சொன்னாள்.

அவள் கேட்டது சரி என்று எனக்குத் தெரியும். அவசரம் என்று யார் அழைத்தாலும், வெளியாருக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டுப் பார்க்கும்படி இன்று நானே மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஆனால் கூடப் பிறந்தவளுக்கு என் குரல் போதவில்லை என்பதை என்னால் விழுங்க முடியவில்லை. எங்களை ஏமாற்றியவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

தம்பியை விட்டார்கள். அவன் குண்டசாலைக்கு வந்த அன்று அக்கா போன் எடுத்தாள். நான் ஒன்றும் பேசாமல் அவனிடம் கொடுத்துவிட்டேன்.