கண்ணாடி கழுவுற தண்ணியும் என் பொங்கல் கப்பலும்

அந்தமான் போர்ட் பிளேர்ல கார் ரிப்பேர் பண்றவனுக்கு பாதி எதிரி கடலு, மீதி எதிரி டிரைவரு. ஒர்க்‌ஷாப்ல மாட்டினவங்களுக்கு நான் சொல்லவே வேணாம். வீடு ராமநாதபுரத்துல. நான் இங்க காலேஜ் படிச்சுக்கிட்டு லம்பா லைன்ங்கற ஏரியாவுல ஒத்த ரூம்ல கெடந்தேன். லீவுக்கு கூட்டாளிங்க எல்லாம் முந்தின கப்பல்லயே போயிட்டானுங்க. பொங்கலுக்கு முன்னாடி இன்னும் ஒரே கப்பல். அதுல எனக்கு டிக்கெட் இருந்துச்சு. அதுவரைக்கும் பாய் ஒர்க்‌ஷாப்ல வேலை.

உப்பு

ஒரு கான்ட்ராக்டரோட அம்பாசடர் வந்துச்சு. முன்கண்ணாடியில தண்ணி பீச்சுற மூக்குல ஒரு சொட்டு வரல. ஊசி விட்டுக் குத்தினா வெள்ளை வெள்ளையா உதிருது. நாக்குல வச்சேன், உப்பு! குழாயில தண்ணி வரலைன்னு அதோட பெங்காலி டிரைவர், நாங்க அண்ணன்னு அர்த்தத்துல 'தாதா'ன்னு கூப்பிடுறவரு, கடல் தண்ணிய மொண்டு ஊத்தியிருக்காரு. "மூளைய எங்க தாதா அடகு வச்சீங்க?"ன்னு கத்தினேன். மனுஷன் அசரல.

"அரே தம்பி, இத்னா படா சமுந்தர், இவ்ளோ பெரிய கடல் இருக்கு, நான் எதுக்கு குழாய்ல லைன் நிக்கணும்?"

எறும்பு

அதே வண்டி திரும்ப வந்துச்சு. மூக்கைச் சுத்தி எறும்பு. டேங்கைத் தொறந்தா புளிச்ச வாடை. உள்ள இளநி! வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்த வாரம் பூரா என்கிட்ட நின்னு பேசின ஒரே ஆளும் அவருதான், அது வேற விஷயம்.

"உப்பு வேணாம்னு நீதானே சொன்ன? இது மீட்டா பானி, இனிப்புத் தண்ணி, ஏ ஒன் மால்!"

காலி

கப்பல் அன்னிக்கு, பெட்டியும் கையுமா சொல்லிட்டுப் போக வந்தேன். திரும்பவும் அம்பாசடர். "இத மட்டும் பார்த்துட்டுப் போடா"ன்னாரு பாய். பம்ப், டியூப், மூக்கு எல்லாத்தையும் கழட்டினேன். எல்லாம் சரியா இருக்கு. கடைசியில டேங்கைப் பார்த்தா, காஞ்சு கெடக்கு! "எது ஊத்தினாலும் திட்டுற, அதான் ஒண்ணும் ஊத்தல"ங்கறாரு தாதா. அந்த நேரம் பார்த்து கப்பல் சங்கு ஊதுது. நல்ல தண்ணிய ஊத்தி, அதே வண்டியில கப்பல் நிக்கிற ஜெட்டிக்குப் பறந்தோம்.

ஏணிய எடுத்துட்டாங்க. கப்பல் நகர்ந்துருச்சு. ரெண்டு பேரும் வண்டியில உக்காந்து அது போறதப் பார்த்தோம். தாதா மெதுவா பம்ப்பை அமுக்கி, வைப்பரைப் போட்டு, என் தோள்ல கை வச்சாரு.

"கண்ணாடி ஏக்தம் சாஃப், தம்பி. கப்பல் எவ்ளோ தெளிவா தெரியுது பாரு."

பொங்கலன்னிக்கு பூட்டின ஒர்க்‌ஷாப் வாசல்ல நான் ஒத்தையா உக்காந்திருந்தப்ப, தண்ணி பீச்சலைன்னு ஒரு பய வண்டி எடுத்துட்டு வரலைங்க.